வந்தவர் எத்தனை, கேட்டவர் எத்தனை?

சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவுகளில் இருப்பவர்களும், திரும்பியும் தூர்ந்துபோன கிணற்றோடு ஒரு பரப்பு இரண்டு பரப்பில் பயிர் வைப்பவர்களும் இப்போது பயிரை மட்டும் நம்பியிருப்பதில்லை. வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள் என்று வீட்டில் செய்து விற்கிறார்கள். ஊர்ச் சந்தையில் இவற்றுக்கு அளவான விலைதான். வெளிநாட்டில் இருக்கும் எமது உறவுகளோ நல்ல விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள். இதனால் மாதர் சங்கங்களும் சிறு குழுக்களும் இணையத்தளம் தொடங்கியிருக்கின்றன. சங்கத்தில் யாராவது ஒருவரின் பிள்ளை கணினி படித்திருக்கும். அந்தப் பிள்ளையே செய்து கொடுத்திருக்கும்.

தொடங்கி ஆறு மாதம் போனபின் எம்மிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. "ஆயிரம் பேர் பார்த்ததாகக் காட்டுது, தூள் மட்டும் விக்கேல்லை, ஏன்?" என்பது ஒன்று. "விளம்பரத்துக்கு இருபதாயிரம் கட்டச் சொல்லுகினம், கட்டலாமோ?" என்பது மற்றது. இரண்டுக்கும் விடை அந்த இணையத்தளத்தின் வருகைக் கணக்கிலேயே இருக்கிறது. அதை வாசிக்கும் முறையை இங்கே விளக்க முயல்கிறோம்.

தோட்டக்காரருக்கு இது புதிய சிக்கல் அல்ல. பம்பு ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் விழுகிறது, ஆனால் கடைசிப் பாத்தி காய்கிறது. அதற்காக யாரும் இன்னொரு பம்பு வாங்க ஓடுவதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடக்கிறோம். எலி வளைக்குள் இறங்குகிறதா, வரம்பு உடைத்துப் பக்கத்துக் காணிக்குப் போகிறதா என்று பார்க்கிறோம். விளம்பரம் என்பது இன்னொரு பம்பு. கணக்கை வாசிப்பது வாய்க்கால் வழியே நடப்பது.

கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது

ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கும் கணினி ஒரு வரி எழுதிக் கொள்கிறது. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த இணைப்பில் இருந்து, எந்த வகைக் கருவியில் இருந்து கேட்கப்பட்டது, கேட்ட பக்கம் இருந்ததா இல்லையா என்பனவெல்லாம் அந்த வரியில் இருக்கும். 1990களில் இந்த வரிகளை எண்ணித்தான் கணக்குப் பார்த்தார்கள். அப்போது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படமும் தனித்தனியே எண்ணப்பட்டது. பத்துப் படம் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரு தடவை பார்த்தால் பதினொன்று என்று விழும். பெரிய எண்ணைக் கண்டு மகிழ்ந்து ஏமாறும் பழக்கம் அந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

பின்னர் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு நிரல் வைக்கும் முறை வந்தது. 2005இல் கூகிள் நிறுவனம் ஏர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகிள் அனலிற்றிக்ஸ் என்ற பெயரில் இதை இலவசமாகக் கொடுத்தது. இன்று சிறு வியாபாரிகள் பலர் பாவிப்பது இதைத்தான். உங்கள் தளத்திலும் இது இருக்கக்கூடும், செய்து தந்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இதனோடு கூகிள் சேர்ச் கொன்சோல் என்ற இன்னொரு இலவசக் கணக்கும் வேண்டும். ஆட்கள் உள்ளே வந்தபின் என்ன செய்தார்கள் என்பதை முன்னையது சொல்லும். வருவதற்கு முன் தேடலில் என்ன சொல்லைத் தட்டினார்கள் என்பதைப் பின்னையது சொல்லும்.

இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தா. தேடலில் 60 பேர் அழுத்தினார்கள் என்று ஒன்று சொல்லும், தேடலில் இருந்து 52 பேர் வந்தார்கள் என்று மற்றது சொல்லும். பக்கம் திறக்கமுன் பொறுமையிழந்து போனவர்கள், கண்காணிப்புக்குச் சம்மதம் தராதவர்கள், விளம்பரத் தடுப்பு வைத்திருப்பவர்கள் இரண்டாவதில் விழுவதில்லை. ஒரே ஆள் கைத்தொலைபேசியில் ஒரு தடவையும் கணினியில் ஒரு தடவையும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ஆளாகக் காட்டும். இது சந்தைத் தராசு அல்ல, கண்மதிப்பு. மாதத்துக்கு மாதம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கக் கண்மதிப்புப் போதும்.

வாய்க்கால் வழியே ஒரு நடை

ஓர் உதாரணம் எடுப்போம். எண்கள் நாம் விளக்கத்துக்காக வைத்தவை. தூள் விற்கும் ஒரு சங்கத்தின் ஒரு மாதக் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கூகிள் தேடலில் சங்கத்தின் பக்கம் 2,400 தடவை காட்டப்பட்டது, 60 தடவை அழுத்தப்பட்டது. பேஸ்புக், வட்ஸ்அப் வழியாக வந்தவர்களையும் சேர்த்து மொத்த வருகை 150. அவர்களில் 96 பேர் தூள் பக்கத்தைப் பார்த்தார்கள். 70 பேர் அனுப்பும் செலவுப் பக்கத்துக்குப் போனார்கள். வட்ஸ்அப் பொத்தானை அழுத்திக் கேட்டவர்கள் 6 பேர். பணம் அனுப்பி வாங்கியவர்கள் 4 பேர்.

தண்ணீர் எங்கே உடைக்கிறது? அனுப்பும் செலவைப் பார்க்கப் போனவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. வாங்கும் எண்ணம் இருந்தபடியால்தான் அங்கே போனார். அப்படிப்பட்ட 70 பேரில் 64 பேர் ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பிவிட்டார்கள். கேட்ட 6 பேரில் 4 பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே தூளிலோ, நீங்கள் பதில் சொல்லும் விதத்திலோ பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. குறை செலவுப் பக்கத்தில்.

இனி விளம்பரக் கேள்விக்கு வருவோம். இருபதாயிரம் ரூபா கட்டி வருகையை இரட்டிப்பாக்கினீர்கள், வந்த புது ஆட்களும் பழையவர்களைப் போலவே நடந்தார்கள் என்று வைத்தால், 150 பேர் 300 ஆவார்கள், 4 பொதி 8 பொதியாகும். ஒரு பொதியில் உங்களுக்கு மிஞ்சுவது 600 ரூபா என்றால் மேலதிக வரவு 2,400 ரூபா. கட்டியதோ 20,000. அதே நேரம், செலவுப் பக்கத்தைத் திருத்தியதால் 6 பேருக்குப் பதில் 12 பேர் கேட்டார்கள் என்றால், அதே 4 பொதி ஒரு சதச் செலவில்லாமல் கூடும். ஆகவே முதலில் உடைப்பை அடையுங்கள். பம்பைப் பற்றிப் பிறகு பேசலாம். விளம்பரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உடைந்த வாய்க்காலில் இறைப்பது வீண் என்கிறோம்.

செலவுப் பக்கத்தில் என்ன குறை இருக்கலாம்? நாம் பார்த்த இத்தகைய பக்கங்களில் அடிக்கடி காண்பது "அனுப்பும் செலவுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்ற ஒற்றை வரி. எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். வாசிப்பவருக்கோ அது மூடிய கதவு. எவ்வளவு வரும் என்று தெரியாமல், கேட்டால் வாங்கியே ஆகவேண்டுமோ என்ற கூச்சமும் சேர, அவர் போய்விடுகிறார். தபால் கந்தோரில் விசாரித்து, 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ என்று பொதியின் நிறைக்கு ஏற்ப, நீங்கள் அதிகம் அனுப்பும் நாடுகளுக்கு எவ்வளவு என்பதைப் பட்டியலாகப் போடுங்கள். பொதியின் நிறையில் பெட்டியும் சேரும் என்பதை மறக்கவேண்டாம். எத்தனை நாளில் போகும், பணத்தை எந்த வழியில் அனுப்பலாம் என்பனவும் அதே பக்கத்தில் இருக்கட்டும். உணவுப் பொருளை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி உள்ளே விடுவதில்லை. அந்த விபரத்தை விசாரித்து எழுதினால் பிறகு வரும் மனத்தாங்கல் குறையும். தபால் கட்டணம் மாறும்போது பட்டியலையும் மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

எங்கே திரும்பிப் போனார்கள் என்பதைத்தான் கணக்குச் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு நல்ல வழி, வெளிநாட்டில் உள்ள ஒரு மருமகளையோ பெறாமகனையோ தொலைபேசியில் வைத்துக்கொண்டு, "எங்கடை பக்கத்தைத் திறந்து ஒரு கிலோ தூள் வாங்கிப் பார் பிள்ளை" என்று சொல்லி, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று காதால் கேட்பதாகும். பத்து நிமிடம் போதும். நடுவில் நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. அதுதான் கஷ்டம்.

வட்ஸ்அப் பொத்தானை அழுத்துவது தளத்தை விட்டு வெளியே போகும் தொடுப்பு என்றபடியால், அனலிற்றிக்ஸில் அதற்குரிய அமைப்பு நிறுத்தப்படாமல் இருந்தால் தானாகவே பதியும். தொலைபேசி இலக்கத்தை அழுத்துவது தானாகப் பதியாது. அதைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் "முக்கிய நிகழ்வு" என்று குறித்து வைத்தால், எந்த வழியால் வந்தவர் கேட்கிறார், எந்த வழியால் வந்தவர் பார்த்துவிட்டு மட்டும் போகிறார் என்பது பிரிந்து தெரியும்.

அவர்கள் தட்டும் சொல்

தேடலில் 2,400 தடவை காட்டியும் 60 தடவையே அழுத்தப்பட்டதும் ஓர் உடைப்புத்தான். அது வாய்க்காலின் தலைப்பக்கத்தில் உள்ளதால் இரண்டாவதாகப் பார்க்கிறோம்.

சேர்ச் கொன்சோலைத் திறந்தால் ஆட்கள் தட்டிய சொற்களின் பட்டியல் வரும். மிக அரிதாகத் தட்டப்பட்டவற்றைத் தனிமறைவு கருதி கூகிள் காட்டுவதில்லை, மற்றவை தெரியும். அந்தப் பட்டியலை வாசிப்பது சந்தையில் எமக்குப் பின்னால் நின்று ஆட்கள் பேசுவதைக் கேட்பது போன்றது. நாம் எமது பொருளுக்கு வைத்த பெயர் ஒன்று, வாங்குபவர் சொல்லும் பெயர் வேறொன்று என்பது அப்போதுதான் தெரியவரும்.

யாழ்ப்பாணத்தில் நாம் பனங்கட்டி என்போம். தமிழ்நாட்டில் அதையே கருப்பட்டி என்றும் பனைவெல்லம் என்றும் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் பனங்கட்டி என்ற சொல் மட்டும் இருந்தால், கருப்பட்டி என்று தேடுபவர் கண்ணில் அது படுவது அரிது. தூளும் அப்படித்தான். அம்மா வீட்டில் அதை வெறுமனே "தூள்" என்பார். கனடாவில் பிறந்த பிள்ளை "ஜஃப்னா கறி பவுடர்" என்று ஆங்கில எழுத்தில் தட்டும். ஒடியலை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் எமது பெயர், அயலாரின் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றும் இயல்பான வசனங்களில் வரட்டும். "எமது பனங்கட்டியைத் தமிழ்நாட்டில் கருப்பட்டி என்பர்" என்று ஒரு வரி எழுதினாலே போதும். சிலர் ஒரே சொல்லை நாற்பது தடவை அடுக்கி வைக்கிறார்கள். தேடுபொறிகள் அதைக் குறும்பாகவே எடுத்துக்கொள்ளும். வாசிப்பவருக்கும் எரிச்சல்.

இன்னொன்று பக்கத்தின் தலைப்பு. தேடலில் நீல எழுத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். பல சங்கங்களின் தலைப்பு வெறும் "முகப்பு" என்றே இருக்கிறது. கடைக்குப் பெயர்ப்பலகை எழுதச் சொன்னால் "வாசல்" என்று எழுதியதுபோல. "வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள், 500 கிராம், வீட்டுத் தயாரிப்பு" என்று மாற்றினால், காட்டப்படும் இடம் மாறாவிட்டாலும் அழுத்துபவர் கூடலாம். மாற்றிய திகதியைக் குறித்து வையுங்கள். நான்கைந்து கிழமை பொறுத்துப் பாருங்கள். தலைப்பு, விலை, படம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமற் போய்விடும். ஒரே பாத்திக்கு மூன்று புது உரம் போட்ட கதைதான்.

எந்த வழியால், எந்த நேரத்தில்

வந்தவர் எந்த வழியால் வந்தார் என்ற பகுதியில் "நேரடி" என்று ஒரு வரி இருக்கும். முகவரியை மனப்பாடமாகத் தட்டி வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த தொடுப்பை அழுத்தியவர்களும் பெரும்பாலும் அதற்குள்தான் விழுகிறார்கள். எமது ஆட்களோ எதையும் வட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். எனவே இந்த வரியைப் பிரித்தறிய ஒரு வழி வேண்டும்.

கமிஷன் கடைக்கு அனுப்பும் சாக்குகளில் ஆளுக்கொரு அடையாளம் வைப்பதில்லையா? தொடுப்பிலும் அப்படி வைக்கலாம். முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் பின் ஒரு சிறு குறிப்பைச் சேர்ப்பார்கள். இதற்கு யூ.ரி.எம். குறி என்று பெயர். லண்டன் ஊர்ச்சங்கத்துக்கு அனுப்பும் தொடுப்புக்கு ஒரு குறி, ரொறன்ரோவில் உள்ள பழைய மாணவர் சங்கத்துக்கு வேறு குறி, உங்கள் பேஸ்புக் பதிவுக்கு இன்னொரு குறி. மாத முடிவில் எந்தச் சாக்கு விற்றது என்பது தெரியும். பேஸ்புக்கில் 300 பேர் விருப்பம் போட்டிருப்பார்கள், ஆனால் வந்து கேட்டவர் ஒருவராக இருக்கலாம். ஊர்ச்சங்கத்தின் சின்ன வட்டத்தில் இருந்து ஐந்து பேர் கேட்டிருக்கலாம். அடுத்த முறை யாரைத் தேடிப் போவது என்பது அதிலேயே தெரியும்.

நேரத்தையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் லண்டனில் இரவு 8 மணி என்றால் எமக்கு அதிகாலை 1.30. ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் எமக்கு மறுநாள் காலை 6.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் இரண்டிலும் ஒரு மணித்தியாலம் குறையும். உங்கள் வருகையில் பாதி நள்ளிரவுக்குப் பின் வருகிறதானால், "எந்நேரமும் அழையுங்கள்" என்ற வரியால் பயனில்லை. "வட்ஸ்அப்பில் எழுதுங்கள், இலங்கை நேரம் காலை 9 மணிக்குள் பதில் தருவோம்" என்று எழுதி, சொன்னபடி பதில் தாருங்கள். கணக்கின் நேர வலயம் கொழும்பு நேரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த வாசிப்பு முழுவதும் பிழைக்கும்.

கைத்தொலைபேசியில் பார்ப்பவரின் பங்கையும் கணக்கில் காணலாம். அது பெரிதாக இருந்தால் படங்களின் பாரத்தைக் குறையுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று மூன்று நான்கு மெகாபைற் இருக்கும். அப்படியே போட்டால் பக்கம் திறக்கமுன் ஆள் போய்விடுவார். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிவதையே நல்லது என்று கூகிள் கொள்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைற்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் நிலைமையைச் சொல்லும்.

ஏமாற்றும் எண்கள்

சங்கத்தில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தடவை தங்கள் படத்தைப் பார்க்கத் தளத்தைத் திறந்தால் மாதம் 360 வருகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை வாடிக்கையாளர் என்று எண்ணக் கூடாது. நாட்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

"மாதம் பத்தாயிரம் வருகை பெற்றுத் தருவோம்" என்று பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வகை வருகையில் பெரும்பங்கு மனிதரே அல்லாத இயந்திர வருகையாக இருக்கலாம். உங்கள் பொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத நாடுகளில் இருந்து ஒரே நாளில் திரளாக வந்து, ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு, ஓரிரு செக்கனில் போயிருந்தால் சந்தேகியுங்கள். அனலிற்றிக்ஸில் ஒரு வருகை 10 செக்கனுக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களையாவது பார்த்திருந்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்திருந்தாலோதான் "ஈடுபாடுள்ள வருகை" என்று எண்ணப்படும். பணம் கட்டிய மாதத்தில் மொத்த வருகை ஏறி, ஈடுபாடுள்ள வருகை அசையாமல் நின்றால், அந்தப் பணத்துக்கு இரண்டு மூடை உரம் வாங்கியிருக்கலாம்.

சிறிய எண்களை வைத்துப் பெரிய முடிவு எடுக்கவும் வேண்டாம். போன மாதம் 4 பொதி, இந்த மாதம் 7 பொதி என்றால் அது உங்கள் திருத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம், ஒரு கலியாண வீட்டுக்காக ஒரே குடும்பம் வாங்கியதாகவும் இருக்கலாம். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமைகளை ஆவணி மாதத்தோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே கிழமைகளோடு ஒப்பிடுங்கள்.

கொப்பியும் கடவுச்சொல்லும்

ஒப்பிடுவதற்குப் பழைய கணக்குக் கையில் இருக்கவேண்டும். கூகிள் அனலிற்றிக்ஸின் பழைய முறை 2023 ஜூலை 1ஆம் திகதியோடு கணக்கெடுப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதில் இருந்த பழைய விபரங்களும் எடுக்க முடியாமற் போயின. முன்னரே இறக்கி வைக்காதவர்களுக்குப் பல ஆண்டுக் கணக்கு இல்லாமற் போயிற்று. சேர்ச் கொன்சோல் 16 மாத விபரத்தைத்தான் வைத்திருக்கும். இடம்பெயர்ந்த எமக்கு உறுதியும் பதிவும் கைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கி, மாதம் ஒரு வரி எழுதுங்கள். காட்டப்பட்டது, அழுத்தப்பட்டது, மொத்த வருகை, பொருள் பக்கம், செலவுப் பக்கம், கேட்டவர், வாங்கியவர், அந்த மாதம் எதை மாற்றினோம் என்று எட்டு நிரல் போதும்.

வருபவர்களின் விபரத்தை இப்படிச் சேர்ப்பதில் ஒரு பொறுப்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்புப் பற்றித் தளத்தில் வெளிப்படையாகச் சொல்லி, சம்மதம் கேட்கும் அறிவித்தல் ஒன்றை வையுங்கள். வாங்கியவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்பவற்றை வேறு எவருக்கும் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்குகள் யாருடைய மின்னஞ்சலில் இருக்கின்றன என்று இன்றே கேளுங்கள். எமக்குத் தெரிந்த ஒரு குழுவில், தளத்தைச் செய்து கொடுத்த தம்பி வெளிநாடு போனார். போன இடத்தில் தொலைபேசி இலக்கம் மாறியது. பழைய மின்னஞ்சலையும் அவரால் திறக்க முடியவில்லை. அவரில் ஒரு பிழையும் இல்லை, கேட்டபோதெல்லாம் உதவவே முயன்றார். ஆனால் விலையை மாற்ற முடியாமல் எட்டு மாதம் பழைய விலையே தளத்தில் நின்றது. சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, அனலிற்றிக்ஸ், சேர்ச் கொன்சோல், தளத்தின் பெயர்ப் பதிவு மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். இரண்டு பேருக்காவது நிர்வாகி உரிமை இருக்கட்டும். கடவுச்சொல்லை எழுதி உறையில் இட்டு, சங்கத்தின் வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். பெயர்ப் பதிவை எந்தத் திகதிக்குள் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் அந்த உறையின் மேல் எழுதிவிடுங்கள்.